பழைய வண்டியில் கூலன்ட் குறைகிறதா? கசிவைக் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர், இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் குறைந்தால் மேலே ஊற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்னார்கள் என்று முதலில் ரேடியேட்டரை மாற்றுவார்கள், அது சரிவராமல் வாட்டர் பம்ப்பை மாற்றுவார்கள், கடைசியில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே கழற்றுவார்கள். இரண்டுமே வேண்டாம். ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பொறுமையாகத் தேடினால் பெரும்பாலான கசிவுகள் பெரிய கருவிகள் இல்லாமலே பிடிபடும்.

கூலன்ட் கொஞ்சம் குறைவது சகஜம்தானே?

மிகக் கொஞ்சம் என்றால் சகஜம்தான். பல மாதங்களில் கூலன்ட் டேங்கில் ஒரு விரல் அளவு இறங்கினால் கவலைப்பட வேண்டாம். வாரத்துக்கு வாரம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அளவை எப்போதும் இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். சூட்டில் கூலன்ட் விரிந்து மட்டம் ஏறிவிடும். இன்று காலை ஆறிய நிலையில் டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் அதே நேரத்தில் அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ‘குறைகிற மாதிரி இருக்கு’ என்பதற்கும் ‘குறைகிறது’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்துவிடும்.

மிகப் பழைய வண்டிகளில் தனி டேங்கே இருக்காது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு சிறிய குழாய் நேராகத் தரையை நோக்கி இறங்கும். அந்த வண்டியில் கழுத்து வரை நிரப்பினால், சூடாகி விரிந்த கூலன்ட் அந்தக் குழாய் வழியாக வெளியே வந்துவிடும். மறுநாள் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும், மறுபடி நிரப்புவார்கள், மறுபடி கொட்டும். இது கசிவே இல்லை. விரிவதற்கு அங்கே இடம் விட வேண்டும், கழுத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் கீழே நிற்பதுதான் அதன் சரியான மட்டம்.

தரையில் ஈரம் தெரிகிறது. அது கூலன்ட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இரவு நிறுத்தும்போது வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். முன்சக்கரம் எங்கே இருந்தது என்று அட்டையில் குறித்துக்கொண்டால் காலையில் சொட்டு விழுந்த இடத்தை வண்டியோடு பொருத்திப் பார்க்கலாம்.

கூலன்ட் பச்சை, நீலம், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு என்று நிறத்தோடு இருக்கும். விரலிடையில் தேய்த்தால் லேசாக வழுக்கும், ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். நிறமும் வாடையும் இல்லாத சுத்தமான தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்ததாக இருக்கும், அது வடிய வேண்டியதுதான். சிவப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாகவோ பவர் ஸ்டீயரிங் ஆயிலாகவோ இருக்கலாம்.

வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்குமா?

அநேகமாக இருக்காது. நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். கூலன்ட் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஓடும், இன்ஜினின் விளிம்பில் வழியும், வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் சட்டமான கிராஸ் மெம்பர் வரை போய் அங்கே சொட்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்பக்கம் தள்ளும். ஃபேனிலோ பெல்ட்டிலோ பட்டுவிட்டால் பானெட்டின் உள்பக்கம் வரை தெறிக்கும். அதனால் ஈரம் பார்த்த இடத்திலிருந்து மேலேயும் முன்பக்கமாகவும் தேடிக்கொண்டே போங்கள். ஈரத் தடத்தின் மிக உயரமான புள்ளி எது என்பதுதான் கேள்வி.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இன்ஜின் முழுதாக ஆறட்டும். ஒரு ராத்திரி நின்ற வண்டி என்றால் மிக நல்லது. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்து அழுத்தம் விடுபட்ட நொடியே கொதித்து முகத்தில் அடிக்கும். எலக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றலாம், கையை அங்கே வைக்காதீர்கள்.

நல்ல டார்ச் ஒன்றும், கையடக்கக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடுவது ஈரத்தை மட்டுமல்ல, காய்ந்த தடத்தையும்தான். கூலன்ட் காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ அதன் சொந்த நிறத்திலோ உப்புப் பூத்தது போல ஒரு படிவு நிற்கும். வண்டி ஆறியிருக்கும்போது ஒரு சொட்டுகூட வராத கசிவும் இந்தப் படிவால் மாட்டிக்கொள்ளும்.

இன்ஜின் முழுவதும் பழைய எண்ணெயும் மண்ணும் அப்பியிருந்தால் முதலில் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். அழுக்கு இன்ஜினில் கசிவு தேடுவது வீண் வேலை. துடைத்துவிட்டு ஓரிரு நாள் ஓட்டினால் புதுத் தடம் தனியாகத் தெரியும்.

மூடியை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்?

மூடி கெட்டால் எங்கேயும் ஓட்டை இல்லாமலே கூலன்ட் போய்விடும் என்பதால்தான். பார்ப்பதற்குச் சாதாரணத் தகர மூடி, ஆனால் உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரிய ஸ்பிரிங்கோடு இருப்பது அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அழுத்தம் 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) வரை ஏறும்போது, பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் சுமார் 129 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடி அந்த அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கொதிநிலை 107 டிகிரி பக்கம் இறங்கிவிடும். மேட்டில் ஏறும்போதோ நெரிசலில் நிற்கும்போதோ கொதித்து, டேங்க் வழியாக வெளியே கொட்டும்.

நடுவில் இருக்கும் சின்ன வால்வு, இன்ஜின் ஆறும்போது டேங்கிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உள்ளே இழுக்கவிடும். அது ஒட்டிக்கொண்டால் டேங்க் நிரம்பி நிற்கும், ரேடியேட்டர் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஆறிய வண்டியில் மேல் ஹோஸ் சப்பென்று ஒடுங்கிக் கிடந்தால் இந்த வால்வைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள். வெடித்தோ, விறைத்தோ, அழுந்திய வட்டத் தடம் ஆழமாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் கழுத்தில் ரப்பர் உட்காரும் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், அங்கே பள்ளமோ துருவோ இருந்தால் புது மூடியும் பிடிக்காது. மூடியின் மேல் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் உங்கள் வண்டிக்கு உரியதாக இருக்க வேண்டும். 7 பிஎஸ்ஐக்காகச் செய்த பழைய ரேடியேட்டருக்கு 15 பிஎஸ்ஐ மூடி போட்டால், இதுவரை தாக்குப்பிடித்த இணைப்புகள்கூட விட்டுக்கொடுக்கும்.

ஹோஸ்களில் என்ன பார்க்க வேண்டும்?

மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ், இன்ஜினோடு ஒட்டிய குட்டையான பைபாஸ் ஹோஸ். இந்த பைபாஸை மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அது கண்ணுக்கே தெரியாது.

ஆறிய நிலையில் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். நல்ல ஹோஸ் அழுந்தி மீளும். நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, கிளிப்புக்குப் பக்கத்தில் மட்டும் கொழகொழவென்று இருந்தாலோ உள்ளே இற்றுப்போயிருக்கிறது. பெரும்பாலும் முனையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள்தான் உள்வெடிப்பு தொடங்கும், வெளித்தோற்றம் பளபளவென்று இருக்கும். இன்ஜின் ஆயில் பட்டு ஊறிய ஹோஸ் உப்பிப்போகும், அதையும் மாற்ற வேண்டியதுதான்.

பிரஷர் டெஸ்டர் தேவையா?

ஒரே ஒரு கருவி வாங்கவோ இரவல் கேட்கவோ முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். சைக்கிள் பம்ப்போடு ஒரு மீட்டர் இணைத்த மாதிரி எளிய சாமான்தான். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. இன்ஜின் ஓட வேண்டியதில்லை. சூடும் சுற்றும் ஃபேனும் இல்லாமல், ஓடும்போது உள்ள அழுத்தம் மட்டும் கிடைக்கிறது. நிதானமாகக் குனிந்து தேடலாம்.

அடித்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் வெளிக்கசிவு அநேகமாக இல்லை. முள் சட்டென்று இறங்கினால் சொட்டும் சத்தமோ சீறலோ கேட்கும், அந்தப் பக்கம் டார்ச்சை அடியுங்கள். மெதுவாக இறங்குவதுதான் சிரமமான வகை. அப்போது இணைப்புகளின் அடிப்பக்கத்தில் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதில் நிறமாகப் பதியும்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கேயும் ஈரம் இல்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது. ஹீட்டர் கோர் அல்லது இன்ஜின், இந்த இரண்டில் ஒன்று.

காலையில் மட்டும் சொட்டுகிறது, ஓட்டினால் நின்றுவிடுகிறது. எப்படி?

குளிரில் உலோகமும் ரப்பரும் சுருங்குவது ஒரே அளவில் இல்லை. கிளிப்புக்கும் ஹோஸுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், சூடானதும் மூடிக்கொள்ளும். எனக்குத் தெரிந்த ஒரு பழைய டீசல் ஜீப்பில் இதற்காக ரேடியேட்டரையே மாற்றியிருந்தார்கள், சொட்டு நிற்கவில்லை. விடிகாலையில் டார்ச்சோடு பார்த்தபோது, இன்ஜினுக்குப் பின்னால் ஹீட்டர் ஹோஸின் கிளிப்புக்கு அடியில் பச்சையாக ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. அது உருண்டு, கியர்பாக்ஸ் கூடு வழியாகப் போய், கீழே விழுந்தது. வெயில் ஏறிய பிறகு அதே இடம் காய்ந்து கிடந்தது. கிளிப்பைக் கழற்றி, குழாய் முனையில் இருந்த துருவைச் சுரண்டி, புது கிளிப் போட்டதும் நின்றுவிட்டது.

குளிர்ந்த கசிவைக் குளிர்ந்த நேரத்தில்தான் தேட வேண்டும். இதற்கு நேர்மாறாக, சூடானால் மட்டும் ஒழுகுவது பெரும்பாலும் ரேடியேட்டர் டேங்கில் உள்ள வெடிப்பாகவோ கேஸ்கெட்டாகவோ இருக்கும்.

வாட்டர் பம்ப் போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

பம்ப்பின் ஷாஃப்ட்டுக்கு அடியில் ஒரு சிறிய ஓட்டை இருக்கும். அது உடைப்பு அல்ல, வேண்டுமென்றே வைத்தது. உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் இந்த ஓட்டை வழியாக வெளியே வந்து நமக்குச் சொல்லும். கண்ணாடியை அடியில் நீட்டிப் பாருங்கள். மங்கலான ஒரு பழைய கறை மட்டும் இருந்தால் கண்காணித்தால் போதும். ஈரமாகவோ, ஓட்டையிலிருந்து கீழ்நோக்கிக் கோடாகப் படிவாகவோ இருந்தால் சீல் போய்விட்டது. ஓட்டையை எம்சீல் வைத்து அடைக்காதீர்கள், கூலன்ட் பேரிங்கைத் தின்றுவிடும்.

பெல்ட்டைத் தளர்த்திவிட்டு புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பம்ப்பை மாற்ற வேண்டியதுதான்.

ரேடியேட்டரில் எங்கே பார்ப்பது?

பித்தளை, செம்பில் செய்த பழைய ரேடியேட்டர் என்றால் டேங்கும், நடுவில் குழாய்கள் அடுக்கிய பகுதியான கோரும் சேரும் சால்டர் இணைப்பில் பச்சைப் பூப்பு தெரியும். நல்ல கைகாரர் கிடைத்தால் அதைப் பற்றவைத்துச் சரிசெய்துவிடலாம். பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியக் கோருமாக இருந்தால், இரண்டும் மடித்துச் சேர்ந்த விளிம்பு முழுவதும் பாருங்கள். பிளாஸ்டிக் வயதாகி வெடிப்பது வழக்கம், அதை ஒட்டுவதைவிட மாற்றுவதே நல்லது. கோரின் கீழ்வரிசையில் மண் அடைந்த இடங்களில் மெல்லிய தகடுகளான ஃபின் உதிர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் குறைகிறது. எங்கே போகிறது?

மூன்று வழிகள் உண்டு.

சிறிய கசிவு சூடான உலோகத்தில் பட்டு ஆவியாகிவிடலாம். வண்டியை நிறுத்தியதும் இனிப்பு வாடை வரும், சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் படிவு இருக்கும்.

அடுத்தது ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் அது. ஒழுகினால் கார்ப்பெட் நனையும், ஹீட்டரைப் போட்டால் அந்த இனிப்பு வாடை உள்ளே வரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான மூடுபனி படியும். வெறும் மூச்சுக்காற்று படிந்த பனி ஒரு துடைப்பில் போய்விடும். கார்ப்பெட்டின் மேலே தொட்டுப் பார்த்தால் போதாது, அடியில் இருக்கும் பஞ்சைத் தொடுங்கள். அவசரத்துக்கு, ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் இன்ஜின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்துக் கோரைத் தவிர்த்து ஓட்டலாம்.

மூன்றாவது, இன்ஜினுக்குள்ளேயே போவது. டீசலில், இன்ஜினுக்குத் திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள், அது உள்ளே வெடித்தாலும் கூலன்ட் சைலன்சர் வழியாகவே போகும்.

ஹெட் கேஸ்கெட்தானா என்று எப்படி உறுதி செய்வது?

இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இந்தப் பேரைக் கேட்டதுமே பலர் பயந்து வண்டியை விற்றுவிடுகிறார்கள். ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

குளிர்காலக் காலையில் சைலன்சரில் வெள்ளைப் புகை வருவது இயல்பு, சில நிமிடத்தில் நிற்கும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால்தான் சந்தேகம். ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் கொஞ்சம் படிந்திருப்பதும் குட்டிக் குட்டிப் பயணங்களால் வரும் ஈரமாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் இருக்கும் ஆயிலே பால் கலந்த காபி போல இருந்தால் அது வேறு விஷயம், வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் ரேடியேட்டருக்குள் இளஞ்சிவப்புக் கலங்கல் தெரிந்தால் கேஸ்கெட்டைவிட, ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலரை முதலில் சந்தேகப்படுங்கள்.

ராத்திரி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். கூலன்ட் இன்னும் சூடாகவே இல்லை, ஆனால் ஹோஸ் கல்லாக இறுகிவிட்டது என்றால், இன்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் நுழைகிறது. பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டரில்தான் கூலன்ட் எரிகிறது.

இதை உறுதியாகச் சொல்ல ஒரு ரசாயனச் சோதனை இருக்கிறது. ரேடியேட்டர் கழுத்தில் வைக்கும் கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் இருக்கும். கூலன்ட்டிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மஞ்சளாக மாறும். டீசலுக்குத் தனித் திரவம் கேளுங்கள். ஆறிய நிலையில் கூலன்ட் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கூலன்ட்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும். அதற்கப்புறம், சிலிண்டர் அழுத்தத்தைப் பிடிக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட் இரண்டும் எந்த சிலிண்டர் என்று சொல்லிவிடும்.

இன்ஜின் பிளாக்கிலேயே கசிவு வருமா?

வரும். வார்ப்பிரும்பு பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும், கோர் பிளக் என்பார்கள். வெறும் தண்ணீரில் ஓடிய இன்ஜினில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசி ஓட்டை விழும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால், மேனிஃபோல்டுக்கு அடியில் என்று எட்டாத இடங்களிலும் ஒன்றிரண்டு இருக்கும். ஒன்று துருப்பிடித்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான், கைக்கு எட்டும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்றால்?

கூலன்ட்டில் கலக்கும் யுவி சாயத்தை ஊற்றி, சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் யுவி விளக்கை அடித்துப் பாருங்கள். கசிந்த இடம் பச்சையாக ஒளிரும். பழைய தடம் ஏதாவது ஏற்கெனவே ஒளிர்கிறதா என்று சாயம் ஊற்றும் முன்பே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சில கூலன்ட்கள் தாமாகவே ஒளிரும்.

கசிவை அடைக்கும் ஸ்டாப் லீக் ஊற்றலாமா?

நடுவழியில் மாட்டிக்கொண்டு, வீடு வந்து சேர வேறு வழியே இல்லையென்றால் ஊற்றலாம். பழக்கமாக வேண்டாம். ஓட்டையை அடைப்பது ஹீட்டர் கோரின் குறுகலான குழாய்களையும் அடைக்கும். ஏற்கெனவே சேறு படிந்த பழைய ரேடியேட்டரில் அது இன்னும் மோசம்.

கசிகிற வண்டிக்கு எதற்குக் கூலன்ட், வெறும் தண்ணீர் போதாதா?

ஒரு நாள் அவசரத்துக்குப் போதும். தொடர்ந்து ஊற்றினால் துருவைத் தடுக்கும் மருந்து நீர்த்துப்போய், பம்ப் சீல், கோர் பிளக், ரேடியேட்டர் என்று அடுத்தடுத்து ஓட்டை விழும். உப்புத் தண்ணீர் என்றால் உள்ளே காரை கட்டும். கலக்குவதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) வாங்குங்கள். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. வண்டிக் கையேடு சொல்லும் வகைதான் சரி.

வழியில் வெப்ப மீட்டர் ஏறிவிட்டால்?

ஏசியை நிறுத்துங்கள், ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். முள் ஏறியிருந்து திடீரென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் முழுதும் போய், சென்சார் காற்றில் நிற்கும்போதும் முள் இறங்கும்.

சரிசெய்த பிறகும் சூடாகிறதே?

உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஹீட்டரைத் திறந்து வைத்து, ஆறிய நிலையில் மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிடுங்கள். குமிழ் நிற்கும் வரை மேலே ஊற்றிக்கொண்டே வாருங்கள். காற்றுப்போக்கி திருகு இருக்கும் வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் கூலன்ட் வந்ததும் இறுக்குங்கள். குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் மேலே சொன்ன கேஸ்கெட் சோதனைக்குத் திரும்புங்கள்.

வடித்த பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள், திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்கவும் வேண்டாம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், மிகச் சிறிய அளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. இறுக்கமான மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, பழைய ஆயிலும் கூலன்ட்டும் வாங்கிக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மண்ணோ மரத்தூளோ தூவி உறிஞ்சவிட்டு அள்ளிய பிறகு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துத் துடைத்தெடுத்துவிடுங்கள்.